திறக்க மறந்த மதகு

மின்நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஒரு கறுப்புத் தொலைபேசி இருந்தது. எண் சுழற்றும் வட்டு கிடையாது. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி மட்டும். இங்கே அதைச் சுற்றினால் மலைமேல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலிருந்த மதகுக் கொட்டகையில் மணி அடிக்கும். அங்கே சுற்றினால் இங்கே அடிக்கும். மணி அடித்ததும் நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடுவேன். ஓடி முடிப்பதற்குள் என் தலைக்குள் குழாய் வெடித்திருக்கும், தொட்டி உடைந்திருக்கும், மதகுக்காரர் வழுக்கி விழுந்திருப்பார். எடுத்துக் கேட்டால், "சாரே, கீழ டீ வந்தாச்சா?" என்று குரல் வரும். எங்கள் ஃபோர்மேன் அண்ணன் அந்த மணிக்கு ஒருநாளும் தலையைக்கூடத் திருப்பியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின்மேல் வலது உள்ளங்கையைப் பதித்து, மாட்டின் முதுகைத் தடவுகிறவர்போல நின்றுகொண்டிருப்பார். "மெதுவாப் போங்க ஆப்பரேட்டரே. மணி எங்கியும் ஓடிப்போயிராதுங்க," என்பார்.

அவர் கிழக்குப் பாலக்காட்டுக்காரர். தென்னந்தோப்பும் வயலுமாக இருந்த விவசாயக் குடும்பம். பேச்சு கோயம்புத்தூர்ப் பேச்சு. நான் மூணாறுப் பக்கம் சூரியநெல்லியில் பிறந்தவன். என் தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். டிப்ளமோ படித்து மின்நிலையத்தில் ஆப்பரேட்டராகச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த முதல் மேலாள் அவர்தான். சித்திரபுரம் குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீடு. எனக்கு எதையாவது எண்ணிக்கொண்டே இருந்தால்தான் மனம் ஒரு நிலையில் நிற்கும்: சுவரில் எத்தனை மானிகள், மூணாறு போகும் வழியில் எத்தனை வளைவுகள், எதிரே வந்த ஜீப்புகள் எத்தனை. எண்ணாத நேரத்தில் பயப்படுவேன். அவரோ எதையும் எண்ணுவதுமில்லை, எதற்கும் அஞ்சுவதுமில்லை. மெஷின் பழுதுபார்க்கும் ஃபிட்டர்கள் எங்களைப் பார்த்து, ரெண்டு பேரையும் ஒரு அண்டாவில் கலக்கிப் பாதிப் பாதியாக ஊற்றினால் ரெண்டு நல்ல மனுசங்க கிடைப்பாங்க என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலியில் எனக்கு வருத்தமில்லை. என் பாதியை யார் தலையில் கட்டுவது என்பதுதான் கவலை.

அந்த நாட்களின் ஒரு சம்பவத்தை இங்கே சொல்லியாக வேண்டும். மலைமேல் தொட்டிக்குத் தண்ணீர் பெரிய மதகு வழியாக வரும். தொட்டியில் மட்டம் இறங்கினால் நான் தொலைபேசியைச் சுற்றுவேன், மதகுக்காரர் திறப்பார். மட்டம் ஏறினால் மறுபடி சுற்றிப் போதும் என்பேன், மூடுவார். ஒரு வருடம் மழை கொட்டித் தீர்த்ததில் காட்டோடை ஒன்று கரையை அறுத்துக்கொண்டு நேராகத் தொட்டிக்குள் விழ ஆரம்பித்தது. மட்டம் காட்டும் முள் நிறைவிலேயே நின்றது. தண்ணீர் கேட்க வேண்டிய தேவையே எனக்கு வரவில்லை. மழைக்காலம் முழுக்கத் தொலைபேசி ஊமையாகக் கிடந்தது. மதகும் மூடியபடியே கிடந்தது. சும்மா வருகிற தண்ணீர்தானே என்று எல்லோருக்கும் சந்தோஷம். மழை ஓய்ந்ததும் யாரோ ஒருவர் கரையைச் சரிசெய்ய மணல் மூட்டை அடுக்கி ஓடையை ஒரேயடியாக வேறு பக்கம் திருப்பிவிட்டார். முள் சரசரவென்று இறங்கியது. நான் தொலைபேசியைச் சுற்றினேன். மேலே மணி அடிக்கவே இல்லை. பூஞ்சை பிடித்து அது செத்திருந்தது. ஆள் ஓடிப்போய்ச் சொன்னால், மதகின் சக்கரம் அசையவில்லை.

இளம் இன்ஜினியர் ஒருவர் கடப்பாரையைக் கொண்டுவரச் சொன்னார். ஃபோர்மேன் அண்ணன் சக்கரத்தின்மேல் கையை வைத்தபடி வேண்டாம் என்று தலையாட்டினார். "முறுக்குனா தண்டு ஒடிஞ்சுருமுங்க. ரொம்ப நாளாத் தூங்கிட்டிருக்குது. எழுப்பித்தான் எடுக்கோணும்." முதலில் அவர் செய்தது மதகை விட்டுவிட்டு ஓடைக்குப் போனதுதான். அடுக்கிய மூட்டைகளில் பாதியை எடுக்கச் சொன்னார். ஓடையின் பாதித் தண்ணீர் மறுபடி தொட்டிக்கு வந்தது. ஒரு இயந்திரமாவது ஓடியது. அதன் பிறகு மண்ணெண்ணெயும் கிரீஸும் போட்டு, சக்கரத்தை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அசைத்தார். மதகு ஒரு விரற்கடை திறந்தால் ஓடையில் ஒரு மூட்டையைத் திரும்ப வைப்பார். இப்படியே ஓடை குறைய மதகு திறக்க, கடைசி மூட்டை ஏறியபோது மதகு முழுசாகத் திறந்திருந்தது. இதை அவருடைய பொறுமைக்கு ஓர் உதாரணமாகத்தான் நான் பல வருடங்கள் பலரிடம் சொல்லி வந்தேன். இதற்கு வேறொரு உபயோகம் வரும் என்று அப்போது தெரியாது.

ஓய்வு பெற்றதும் அவர் மலையிறங்கிச் சொந்த ஊருக்குப் போனார். நான் சித்திரபுரத்திலேயே ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்டேன். வருடத்துக்கு இரண்டு தடவையாவது மறையூர், உடுமலை, பொள்ளாச்சி வழியாக பஸ் மாறி மாறி அவர் வீட்டுக்குப் போவேன். அவருடைய மனைவியை நான் மதனி என்று கூப்பிடுவது அந்த ஊருக்கே வேடிக்கை. அங்கே யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சில வருடங்களுக்கு முன் அண்ணனுக்கு மூட்டுவலி வந்தது. தோப்புக்குள் நடக்க முடியவில்லை. வாரச்சந்தையில் குடை விரித்து உட்கார்ந்திருந்த ஒருவர் மூலிகைப் பொடி கொடுத்தார். காடை முட்டையை உடைத்து அதில் பொடியைக் குழைத்துக் காலையில் விழுங்க வேண்டும். ஒரே வாரத்தில் அண்ணன் வரப்பில் தாவி நடந்தார் என்றார்கள். அடுத்த தடவை நான் போனபோது ஆள் பூரித்திருந்தார். முகம் முழுநிலா மாதிரி. எல்லோரும் அதைச் செழிப்பு என்றார்கள். கைத்தோல் மட்டும் வெங்காயச் சருகுபோல் மெலிந்து, ஆங்காங்கே நீலம் பாரித்திருந்தது. நான் அந்த நீலங்களை எண்ணினேன், பதினொன்று. "தோப்புல மட்டை இடிச்சதுங்க," என்று சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

தைப்பூசத்துக்கு மாலை போடுவது அவர் குடும்பத்து வழக்கம். முன்பெல்லாம் பழனிக்கு நடந்தே போவார். வயதான பிறகு, நடக்கிறவர்களுக்கு அரிசியும் பாத்திரமும் ஏற்றிவரும் டெம்போவில் போவார். மாலை போட்டால் ஒருவேளைச் சாப்பாடு. முட்டை, கவிச்சி வீட்டுப் பக்கமே வராது. அந்த வருடம் நானும் அவர்களை வழியனுப்புவதற்காக மலையிறங்கிப் போயிருந்தேன். வாசலில் ஏழு காவடிகளைச் சாத்தி வைத்திருந்தார்கள். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சில நாட்களாகவே சாப்பாடு இறங்கவில்லை, குமட்டுகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்று மதனி சொன்னார். விரதக் களைப்பு என்று ஊர் சொல்லிவிட்டிருந்தது. பூஜைக்கு எழுந்தவர் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, ரெண்டாவது மெஷினை நிறுத்திட்டாங்களா என்று கேட்டார். கையைத் தொட்டேன். ஓய்ந்த இயந்திரத்தைத் தொட்டதுபோல் சில்லென்றிருந்தது.

பிரஷர் பார்க்கும் கருவி இல்லாமல் நான் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. என் பையைப் பார்த்தாலே அங்கே எல்லோருக்கும் சிரிப்பு. அவர் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தேன். மேல் எண் எண்பதைத் தொடவில்லை. மறுபடி பார்த்தேன், மறுகையில் பார்த்தேன், என் கையில் கட்டிப் பார்த்தேன், எனக்கு வழக்கம்போல எகிறிக் கிடந்தது. கருவி சரியாகத்தான் இருந்தது.

"ஏனுங் சித்தப்பா, உங்க மிஷினுக்கு பேட்டரி தீந்துருக்குமுங்க," என்றான் அண்ணனுடைய மூத்த மகன். அவனுக்கே ஐம்பது வயதிருக்கும். டெம்போ ஓட்டுவது அவன்தான். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். சித்தப்பா மலையில கரண்ட் போனாலே அழுவாராமா என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார்.

"சிரிங்கப்பா, எம்புட்டு வேணும்னாலும் சிரிங்க," என்றேன். "ஆனா வண்டி பழனிக்குப் போகாது. ஆஸ்பத்திரிக்குப் போகும்."

மாலையோடு ஆஸ்பத்திரி வாசல் மிதிப்பதா, அங்கே சாவும் தீட்டும் இருக்குமே என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். மாலையைக் கழற்றினால் நேர்த்தி முறியும். கழற்றாமல் போனால் குற்றம். ஒருவரும் அசையவில்லை. மதனிதான் உள்ளேயிருந்து வந்து, டெம்போவிலிருந்த அரிசி மூட்டையைத் தானே இழுத்துக் கீழே தள்ளினார்.

"முருகன் அங்கயும்தான் இருப்பாருங்க. நீ வண்டிய எடு சாமி," என்றார் மகனிடம்.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் மாரடைப்பா, பக்கவாதமா என்று பார்த்தார்கள். இரண்டும் இல்லை. சத்துநீர் ஏற்றியும் பிரஷர் ஏறவில்லை. என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டபோதெல்லாம் மகன், மருந்தே தொடாத மனுசருங்க என்று பெருமையோடு சொன்னான். பொய்யில்லை, அந்த வீட்டில் பொடி என்பது முட்டையோடு சேர்ந்த பத்தியச் சாப்பாடு, மருந்துக் கணக்கில் வராது. பிறகு வந்த டாக்டரம்மா அண்ணனின் உருண்ட முகத்தைப் பார்த்தார், கைத்தோலைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். மகனை விட்டுவிட்டு மதனியிடம் திரும்பினார். மலையாளம் கலந்த தமிழ்.

"மருந்தை விடுங்க அம்மே. மூட்டுவேதனைக்குப் பொடியோ லேகியமோ எந்தெங்கிலும் குடுத்தீங்களா?"

"முட்டைல ஒரு பொடி குழைச்சுக் குடுப்பேனுங்க. மாலை போட்டதும் முட்டை ஆகாதுங்களே, அதோட நிறுத்தியாச்சுங்க."

டாக்டரம்மா வேறெதுவும் கேட்கவில்லை. ரத்தம் எடுக்கச் சொன்னார். எடுத்த கையோடு ஒரு ஊசி போடச் சொன்னார். நான் அவர் அறைக்கதவுக்கு நேரே வராந்தாவில் நின்று எதிர்ச்சுவரின் ஓடுகளை வரிசை வரிசையாக எண்ணினேன். எண்ணிக்கை தப்பும், முதலிலிருந்து தொடங்குவேன். மாலை வெயில் சுவரைவிட்டு இறங்கும்போது மகன் வந்து என் தோளைத் தொட்டான். உள்ளே போனேன். அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரஷர் ஏறியிருந்தது. குரல் தேய்ந்திருந்தாலும் அது அவர் குரல்தான்.

"எத்தன ஓடுங்க, ஆப்பரேட்டரே?"

மறுநாள் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து விளக்கினார். சந்தைக்காரர் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார். நம் சிறுநீரகங்களின்மேல் தொப்பி வைத்ததுபோல் இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. கார்ட்டிசால் என்ற சுரப்பை அவைதான் தருகின்றன. நோய், பட்டினி, பயம் எது வந்தாலும் உடம்பு விழுந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பது அதுதான். ஆனால் அந்தச் சுரப்பிகள் தாமாகச் சுரப்பதில்லை. மூளையின் அடிப்புறத்திலிருந்து ஒரு பெப்டைடு புறப்பட வேண்டும். பெப்டைடு என்றால் அமினோ அமிலங்களை மணி மணியாகக் கோத்த சிறு சங்கிலி. அது பக்கத்திலேயே பட்டாணி அளவில் தொங்கும் இன்னொரு சுரப்பியைத் தட்டி எழுப்பும்; அங்கிருந்து வேறொரு பெப்டைடு ரத்தத்தில் இறங்கி வந்து சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பிகளிடம் சுரக்கச் சொல்லும். கார்ட்டிசால் போதிய அளவு வந்ததும் அதுவே மூளைக்குத் திரும்பிப் போய், போதும் என்று சொல்லிவிடும். மூளை ஆணையை நிறுத்திக்கொள்ளும். பொடியிலிருந்த ஸ்டீராய்டையும் மூளை அந்தச் சுரப்பென்றே எடுத்துக்கொண்டது. எப்போதும் போதும் போதும் என்றே செய்தி வந்ததால் ஆணை போவது நின்றது. ஆணை வராததால் சுரப்பிகள் சுருங்கின. அப்புறம் முட்டையோடு பொடியும் ஒரேநாளில் நின்றது. அதன்மேல் விரதம். உடம்பு தாங்கச் சொல்லிக் கேட்டபோது கொடுக்க ஒருவரும் இல்லை.

அந்தச் சங்கிலிகளில் எத்தனை மணிகள் என்று நான் கேட்டேன். டாக்டரம்மா ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, முதலாவதில் நாற்பத்தொன்று, இரண்டாவதில் முப்பத்தொன்பது என்றார். எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. எண்ணக்கூடிய ஒரு பொருளை நம்பலாம் என்பது என் சுபாவம்.

வாழ்நாளெல்லாம் என் பதற்றத்தை நான் ஒரு வியாதியாகவே நினைத்திருந்தேன். மன அழுத்தத்தில் சுரக்கிற சுரப்பு என்று பத்திரிகையில் படிக்கும்போதெல்லாம், அது என்னைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தின்கிறது என்று நினைப்பேன். அது அறவே இல்லாத மனிதன் எவ்வளவு நிம்மதியாக இருப்பான் என்று அண்ணனை மனதில் வைத்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். உண்மையிலேயே அது அறவே இல்லாமல் போன மனிதனை அந்த வாசலில்தான் பார்த்தேன். நிம்மதியா அது? எழுந்து நிற்க முடியவில்லை. அளவுக்கு மீறினால் கெடுதல்தான். ஆனால் தினமும் விடிகாலையில் அந்த ஆணை கொஞ்சம் கூடுதலாக இறங்குவதால்தான் நாம் படுக்கையைவிட்டு எழுகிறோம் என்று டாக்டரம்மா சொன்னார். இனி கார்ட்டிசாலை வைய வேண்டியதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

கதை அங்கே முடியவில்லை. மாத்திரை கொடுத்தனுப்பினார்கள். சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும், ஒருநாளும் தானாக நிறுத்தக் கூடாது, காய்ச்சல் வந்தால் கூட்ட வேண்டும், வாந்தி வந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்று ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைக்கச் சொன்னார்கள். பங்குனி உத்திரம் நெருங்கும்போது மதனி என்னைப் போனில் கூப்பிட்டார். அண்ணன் தேறிவிட்டார், அதுதான் ஆபத்து. முறிந்த நேர்த்தியை உத்திரத்துக்கு முடிக்கப் போகிறாராம். மாலை போடும் நாளில் மாத்திரையைத் தூக்கிப் போடுவேன் என்கிறாராம். பொடியால் வந்த கேடு பொடியோடு போயிற்று, இதுவும் அதே சரக்குத்தானே, எதற்கு என்கிறாராம். மகன் சொல்லியும் கேட்கவில்லை, டாக்டரம்மா சொன்னதற்கும் சிரித்தாராம். "நீங்க வந்து பயமுறுத்துங்க தம்பி. உங்களுக்குத்தான் அது நல்லா வருமுங்க," என்றார் மதனி. பஸ்ஸில் போகும்போது வளைவுகளை எண்ணக்கூடத் தோன்றவில்லை.

பயமுறுத்த வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் அவரைப் பார்த்ததும், பயமுறுத்திப் பணியவைக்கிற ஆள் இவரில்லை என்பது ஞாபகம் வந்தது. பயம் என்ற மணிக்கு அவர் திரும்பிப் பார்த்ததே இல்லையே. தென்னை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் அந்த வருடத்து மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். காட்டோடை தொட்டிக்குள் விழுந்ததை, முள் நிறைவிலேயே நின்றதை, தொலைபேசி ஊமையாகக் கிடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணை மூடி, தெரியுமே என்பதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தப் பொடிதான் காட்டோடை," என்றேன்.

கண் திறந்தது.

"ஓடையை ஒரேயடியாத் திருப்புனது யாரு? காடை முட்டையை நிறுத்துன நம்ம வீடுதான். கீழேருந்து சுத்துற போன் உங்க மூளை, மேல துருப்பிடிச்சுக் கெடக்குற மதகு அந்தச் சுரப்பி. இப்பக் குடுக்குற மாத்திரை, நீங்க திரும்பத் திறந்துவிட்ட பாதி ஓடை. மதகு இன்னும் விரற்கடைதாண்ணே திறந்திருக்கு. இப்பப் போய் மொத்த மூட்டையையும் அடுக்கணும்கிறீங்க."

வலது கையைத் தூக்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டார், இயந்திரத்தின்மேல் வைக்கிற அதே மாதிரி.

"கடப்பாரை கேட்டவர்கிட்ட அன்னிக்கு நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்குதுங்களா?" என்றார். "இப்ப நானே கடப்பாரையத் தூக்கிட்டு நிக்கறேனுங்க." பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ புள்ள, அந்த மாத்திரைய எடுத்தா. இன்னிக்கு இன்னும் போடல."

உத்திரத்துக்கு அவர் போகவில்லை. அடுத்த தைப்பூசத்துக்கு மாலையும் மாத்திரையுமாகவே பழனிக்குப் போய்வந்தார்; கழுத்தில் முருகன் டாலர், சட்டைப்பையில் ஆஸ்பத்திரி அட்டை. விரதம் மட்டும் டாக்டரம்மா சொன்னபடி, மூன்று வேளையும் சைவச் சாப்பாடு. நடுவே ஒரு காய்ச்சல் வந்து எல்லோரையும் கலங்கடித்தது. அட்டையில் இருந்தபடி மாத்திரையைக் கூட்டினார்கள், தாண்டினார். அவ்வப்போது அன்றைய மாத்திரைக்கு முன்னால் விடிகாலை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மூளை இன்னும் தூங்குகிறது என்றே பலமுறை பதில் வந்தது. ஒவ்வொரு முறையும் மகன் முதலில் என்னைத்தான் கூப்பிடுவான். பேட்டரி என்று கேலி செய்தவன், இப்போது பிரஷர் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கி டெம்போவிலேயே வைத்திருக்கிறான்.

இந்த வருடம் மழைக்கு முன்னால் விடிகாலை அளவு தானாக ஏறியிருந்தது. பிறகு ஒரு ஊசிச் சோதனை. அந்த இரண்டாவது பெப்டைடைப் போலவே செய்த ஒன்றை உடம்பில் செலுத்தி, சுரப்பி பதில் சொல்கிறதா என்று பார்ப்பது. மதகுக் கொட்டகைக்கு நேராகப் போன் போட்டுப் பார்ப்பதுதான். சுரப்பி பதில் சொன்னது. மாத்திரை நின்றது. அன்று சித்திரபுரம் கடைவீதியில் எதிரே எத்தனை ஜீப் வந்ததென்று எனக்குத் தெரியாது.

மழை பிடித்த ஒரு காலையில், எங்களுக்கு மேலே சாலையோரம் கொஞ்சம் மண் சரிந்தது. ஆளுக்குச் சேதமில்லை, பஸ் மட்டும் நின்றது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். செல்போன் அடித்தது. திரையில் அவர் பெயர். இத்தனை வருடத்தில் அவராக என்னைக் கூப்பிட்டதே கிடையாது. கூப்பிடுவது என் வேலை, எடுப்பது மதனியின் வேலை. எடுத்தேன்.

"ஏனுங்க, மண்ணு சரிஞ்சுதாமா? டிவில காட்டறானுங்க. ஊட்டுக்குப் பக்கத்துலீங்களா? சரிஞ்ச ஒடனே கூப்புட்டுச் சொல்லக் கூடாதுங்களா? இங்க எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுங்க."

எங்களுக்கு ஒன்றுமில்லை, சரிந்த இடம் தூரம் என்றேன். நம்பவில்லை. வீட்டுக்குப் பின்னால் மேடு இருக்குமே என்றார். அங்கே தண்ணீர் வடிகிறதா, கலங்கலா தெளிவா, விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். அந்தப் படபடப்புக்கும் சுரப்பி விழித்ததற்கும் சம்பந்தமுண்டா என்று டாக்டரம்மாவிடம் கேட்டால் சிரிப்பார். இருக்கட்டும். போனை வைத்தேன். காப்பி ஆறவில்லை. மறுபடி அடித்தது, மறுபடியும் அவர்தான். கறுப்புத் தொலைபேசிக்கு ஓடி ஓடி எடுத்த நான், இந்த முறை உடனே எடுக்கவில்லை. இன்னொரு மணி கேட்கட்டும் என்று, போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.